எட்டில் இரண்டு

ஜூலை 2, செவ்வாய்

பகடையை உருட்டினால் ஆறு விழுவதற்கு நிகழ்தகவு எவ்வளவு என்று கேட்டேன். முதல் பெஞ்சுப் பெண் எழுந்து நின்றாள். எந்தக் கேள்விக்கும் முதலில் எழுந்து நிற்பவள் அவள்தான்.

"பாதி சார்."

"எப்படிம்மா பாதி?"

"விழும், இல்லாட்டி விழாது. ரெண்டே ரெண்டுதானே சார்? அப்ப பாதிப் பாதி."

விளையாட்டாகச் சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். எனக்குத்தான் புரியவில்லையோ என்று இரக்கப்பட்டுச் சொல்கிறாள். "இன்னிக்கு உங்க வீட்டு மொட்டை மாடியில விமானம் எறங்கும், இல்லாட்டி எறங்காது. அதுவும் பாதிப் பாதியா?" என்றேன். கொஞ்சம் யோசித்தாள். "எங்க வீட்டுக்கு மொட்டை மாடி கிடையாது சார்" என்றாள். வகுப்பே சிரித்தது. இனிமேல் இந்தப் பெண்ணின் பெயர் பாதிப்பாதி.

பதினேழு வருஷமாக முதலாண்டுக்காரர்களுக்கு இதையே நடத்துகிறேன். நாணயம், பகடை, சீட்டுக்கட்டு, பைக்குள் சிவப்புப் பந்து நீலப் பந்து. பந்தைப் பார்த்துவிட்டே எடுத்தால் என்ன சார் என்று வருஷத்துக்கு ஒருவனாவது கேட்கிறான்.

வீட்டுக்கு வந்தால் மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து, அச்சகத்திலிருந்து வந்த தாள்களில் பிழை திருத்திக்கொண்டிருந்தாள். இடுப்பு ஆபரேஷனுக்கு முன்னால் அச்சகத்துக்கே போய் வேலை பார்த்தவள். இப்போது வேலைதான் இரண்டு மாடி ஏறி இவளிடம் வருகிறது. இவள் இறங்குவதில்லை. டாக்டரிடம் போகும் நாளில் மட்டும் ஒரு பக்கம் நான், இன்னொரு பக்கம் எதிர்வீட்டு அம்மா. "எனக்கென்ன, மகாராணி மாதிரி ரெண்டு பக்கமும் ஆளு" என்று சிரிப்பாள். போன வாரம் சிரிக்கவில்லை. படியில் பாதி வழியில் நின்றுகொண்டு, "இனிமே இப்படித்தானா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள். 

கல்லூரி கட்டியிருக்கும் புதுக் குடியிருப்பில் ஒரு கீழ் வீடு கிடைத்தால் போதும். வேறொன்றும் வேண்டாம்.

ஜூலை 3, புதன்

பகடைக்கு ஆறு முகம் என்பதை இன்று பகடையைக் காட்டியே நிரூபிக்க வேண்டியிருந்தது.

ஜூலை 5, வெள்ளி

குடியிருப்புக் குழுக் கூட்டம். தலைவர் வேதியியல் மேடம். நல்ல மனுஷி, ஆனால் சத்தம் அதிகமானால் எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லிவிடுவார்.

எட்டு வீடு, எட்டு விண்ணப்பம். தளத்துக்கு இரண்டு வீடாக நாலு தளம். லிஃப்டுக்கென்று குழி விட்டிருக்கிறார்கள். லிஃப்ட் பிறகு வருமாம், இப்போதைக்குக் குழி மட்டும். ஆகவே எட்டுப் பேரும் கீழ் வீடுதான் வேண்டுமென்று எழுதியிருக்கிறோம். இருப்பதோ இரண்டு. குலுக்கிப் போடலாம் என்றார் மேடம். நான் முதல் ஆளாகக் கை தூக்கினேன். எல்லாருக்கும் சம வாய்ப்பு, இதைவிட நியாயம் எங்கே இருக்கிறது?

அதற்கப்புறம்தான் தலைவலி. சீட்டை யார் முதலில் எடுப்பது?

இயற்பியல்காரர், தலை நிறையச் சுருள் முடி, அதனால் கல்லூரி முழுக்க அவருக்குச் சுருட்டை என்றுதான் பெயர், மேஜையில் ஓங்கித் தட்டினார். "நான்தான் சீனியர். மொதல்ல நான்தான் எடுப்பேன். இதுல பேச்சே கிடையாது!"

"மொதல்ல எடுக்கறவங்க நல்லதையெல்லாம் அள்ளிட்டா, கடைசி ஆளு வெறும் டப்பாவையா எடுப்பான்?" என்று பாய்ந்தார் வணிகவியல்காரர். இவர் புதிதாகக் கார் வாங்கியிருக்கிறார். படுக்கையறை ஜன்னலிலிருந்து காரைப் பார்த்துக்கொண்டே தூங்க வேண்டுமாம். அதற்குத்தான் கீழ் வீடு.

நூலகர் மேடம் அகர வரிசை என்றார். இன்னொருவர் வயது வரிசை என்றார். அரை மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை. கரும்பலகைக்குப் போய்ச் சாக்பீஸை எடுத்தேன்.

"எத்தனாவதா எடுத்தாலும் ஒண்ணுதான் சார். மொத ஆளுக்கு எட்டுல ரெண்டு, அதாவது நாலுல ஒண்ணு. ரெண்டாவது ஆளைப் பாருங்க. மொத ஆளு கீழ் வீட்டை எடுத்துட்டா, மிச்சம் இருக்கற ஏழுல ஒண்ணு. எடுக்கலைன்னா ஏழுல ரெண்டு. ரெண்டையும் அதது நடக்கற வாய்ப்போட பெருக்கிக் கூட்டுங்க. ரெண்டு பெருக்கல் ஒண்ணு, ஆறு பெருக்கல் ரெண்டு, மொத்தம் பதினாலு. கீழ எட்டேழு அம்பத்தாறு. அம்பத்தாறுல பதினாலு எவ்வளவு? நாலுல ஒண்ணு! எட்டாவது ஆளு வரைக்கும் இதே கதைதான்."

சுருட்டை பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அதெல்லாம் கணக்குல சரி சார். இது வீடு" என்றார்.

இயற்பியல் படித்த மனுஷன்! எனக்கு வந்த கோபத்தில், "அப்ப எல்லாரும் எடுத்துக்குங்க. கடைசியா நிக்கறதை எனக்குக் குடுங்க" என்று சொல்லிவிட்டேன். கூட்டம் உடனே அமைதியாகிவிட்டது. சும்மா கிடைத்த லாபத்தைக் கெடுப்பானேன் என்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

வீட்டில் சொன்னேன். "கடைசியாவா?" என்றாள்.

"ஒண்ணுதான்மா. நாலுல ஒண்ணு."

"உங்க வாய்க்கு ஒரு பூட்டு வாங்கிப் போடணும்." கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தாள். "நெஜமாவே ஒண்ணுதானா?"

"நெஜமா."

"சரி அப்ப" என்று தாளைத் திருப்பினாள். இன்று முழுவதும் நான் சொன்னதை நம்பிய ஒரே ஜீவன்.

ஜூலை 8, திங்கள்

வெள்ளிக்கிழமை எரிச்சல் தீரவில்லை. அதனால் இதையே வகுப்பில் நடத்தினேன். எட்டுப் பேரை முன்னால் நிற்க வைத்து எட்டுச் சீட்டு. இரண்டில் மட்டும் 'மிட்டாய்' என்று எழுதியிருக்கும். ஒரு தடவை எடுத்தால் ஒன்றும் தெரியாது, நாற்பது தடவையாவது எடுத்து, எத்தனாவது ஆளுக்கு எத்தனை தடவை விழுந்தது என்று பலகையில் எண்ண வேண்டும் என்றுதான் திட்டம்.

இவர்கள் வரிசையில் நிற்பதற்கே பாதி வகுப்பு போய்விட்டது. ஒருவன் சீட்டைத் தின்பது போல நடித்தான். முதல் சுற்று முடிந்தது. கடைசியில் நின்ற பாதிப்பாதிக்கு மிட்டாய் விழுந்தது. மணி அடித்துவிட்டது.

"ஒரே ஒரு சுற்று எதையும் காட்டாது, நல்லா ஞாபகம் வெச்சுக்குங்க" என்று கத்தினேன். பாதி பேர் வெளியே போய்விட்டார்கள். பாதிப்பாதி மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, "கடைசில நின்னா நல்லது சார்" என்றாள்.

ஜூலை 10, புதன்

கிடைத்துவிட்டது.

 பிஸ்கட் டப்பாவில் எட்டுச் சீட்டு. சுருட்டை அடித்துப்பிடித்து முதலில் எடுத்தார், இரண்டாம் மாடி. கார்க்காரர் இரண்டாவது, முதல் மாடி. நூலகர் மேடத்துக்கு ஒரு கீழ் வீடு. அப்புறம் மாடி, மாடி, மாடி. ஏழாவது சீட்டும் மூன்றாம் மாடி என்றதும் அறையே என் பக்கம் திரும்பியது. டப்பாவில் ஒரே சீட்டு. அதைப் பிரிக்கக்கூட வேண்டியதில்லை.

வீட்டுக்கு இரண்டு இரண்டு படியாக ஏறி வந்தேன். என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது அவளுக்கு.  என் சட்டையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு, "அச்சகத்துக்கு நடந்தே போயிடலாம் இல்ல அங்கேருந்து? ரெண்டு தெருதானே?" என்றாள்.

ஜூலை 11, வியாழன்

ஆசிரியர் அறைக்குள் நுழைந்தால் பேச்சு நிற்கிறது. வெளியே வந்தால் தொடங்குகிறது. என்ன இது?

மத்தியானம் தெரிந்தது. கடைசியில் நிற்பதுதான் லாபம் என்று புள்ளியியல்காரருக்கு, அதாவது எனக்கு, முன்பே தெரியுமாம். அதனால்தான் பெருந்தன்மைபோல் கடைசி இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாராம். வெள்ளிக்கிழமை கரும்பலகையில் போட்டதெல்லாம் மற்றவர்களை ஏமாற்றவாம். ஆதாரம்? பாதிப்பாதி! சுருட்டையின் இயற்பியல் வகுப்பிலும் இவள் முதல் பெஞ்சு. "சார் திங்கக்கிழமை சோதனை பண்ணியே காட்டினாரு சார். கடைசில நின்ன எனக்குத்தான் மிட்டாய்" என்று சாட்சி சொல்லியிருக்கிறாள்.

ஒரு சுற்று! ஒரே ஒரு சுற்று! நான் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் அடுத்த அறைக்குக் கேட்டிருக்கும்.

ஜூலை 12, வெள்ளி

குலுக்கல் ரத்து.

ஐந்து பேர் கையெழுத்துப் போட்டுப் புகார் கொடுத்துவிட்டார்கள். வேதியியல் மேடம் என்னைக் கூப்பிட்டு, "மனசுல வெச்சுக்காதீங்க சார். புதன்கிழமை இன்னொரு தடவை குலுக்கிடலாம். உங்களுக்குத்தான் எல்லாம் ஒண்ணுதானே?" என்றார்.  ஆமாம், ஒன்றுதான். சரி மேடம் என்று வந்துவிட்டேன்.

வீட்டில் சொன்னதும் இவள் தாள்களைக் கீழே வைத்தாள்.

"கெடைச்ச வீட்டைத் திருப்பிக் குடுத்துட்டு வந்திருக்கீங்க?"

"திருப்பிக் குடுக்கலைம்மா, ரத்து பண்ணிட்டாங்க. மறுபடியும் அதே நாலுல ஒண்ணு. நியாயமாத்தான்—"

"நியாயம் நியாயம்னு சொல்றீங்களே, அந்த நியாயம் வந்து என்னைப் படி எறக்கி விடுமா?"

 அவள் நிறுத்தவில்லை. "எனக்கு இடுப்புல ஆபரேஷன் ஆனது உங்க மேடத்துக்குத் தெரியுமா?"

தெரியாது. நான் சொல்லவில்லை. நம் வீட்டுக் கஷ்டத்தை ஊரெல்லாம் கூட்டிச் சொல்லி, ஐயோ பாவம் என்று ஒரு வீடு வாங்க வேண்டுமா என்று நினைத்தேன். அதைத்தான் சொன்னேன். "குலுக்கல்ல போய் சலுகை கேட்டா அப்புறம் அது குலுக்கலா?"

"உங்களுக்கு நான் நடக்கணுமா, குலுக்கல் நடக்கணுமா?"

 கோபத்தில் நானும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுதமாட்டேன். எதிர்வீட்டுக் கதவு திறந்து மூடியது.

ஜூலை 13, சனி

பேச்சுவார்த்தை இல்லை. தட்டு மட்டும் சத்தமாக வைக்கப்படுகிறது.

ஜூலை 15, திங்கள்

தேர்வுத்தாள்கள். பத்துப் பேரில் மூன்று பேர் கொண்ட குழுவை எத்தனை வழிகளில் தேர்ந்தெடுக்கலாம்? நூற்றிருபது. பாதி வகுப்பு எழுநூற்றிருபது என்று எழுதியிருக்கிறது. குழுவில் வரிசை கிடையாது, மூன்று பேரும் மூன்று பேர்தான் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! ஒருவன் விளக்கமே எழுதியிருக்கிறான்: 'யார் தலைவர் என்று சண்டை வரும், ஆகவே வரிசை முக்கியம்.' குடியிருப்புக் குழுவைப் பார்த்தபின் இவனுக்குப் பாதி மதிப்பெண்ணாவது கொடுக்கலாம் என்று தோன்றுகிறது. இன்னொருத்திக்கு நிகழ்தகவு ஒன்றே முக்கால் வந்திருக்கிறது. கட்டாயம் நடக்கும், நடந்த பிறகு இன்னொரு முக்கால் பங்கும் நடக்கும் போலிருக்கிறது.

இவர்களைச் சொல்கிறேனே, நான் என்ன யோக்கியம்? தாள்களுக்கு நடுவில் ஒரு துண்டுக் காகிதத்தில் என்னையறியாமல் போட்டுக்கொண்டிருக்கிறேன்: எட்டுப் பேரில் இரண்டு பேருக்குக் கீழ் வீடு, மொத்தம் இருபத்தெட்டு வழி. அதில் நான் இருக்கும் வழி ஏழு. நாலில் ஒன்று. ஏற்கெனவே ஒரு தடவை விழுந்தாயிற்று. இரண்டு தடவையும் விழ வேண்டுமானால் நாலில் ஒன்றை நாலில் ஒன்றால் பெருக்க வேண்டும், பதினாறில் ஒன்று. இருக்கிற அதிர்ஷ்டத்தை வீணாகச் செலவழித்துவிட்டேன். அவ்வளவுதான். போச்சு.

முதுகுக்குப் பின்னால் குரல். "எதுக்குப் பெருக்கறீங்க?"

ஊன்றுகோலோடு நின்றுகொண்டிருந்தாள். இரண்டு நாளைக்குப் பிறகு முதல் பேச்சு. "மொதக் குலுக்கல் முடிஞ்சுபோச்சே. விழுந்தது விழுந்தாச்சு. இனிமே புதன்கிழமைக்கு நாலுல ஒண்ணுதானே?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"உங்க கேள்வித்தாளை எல்லாம் இத்தனை வருஷமா யார் பிழை திருத்தறா?"

 முதலாண்டு மாணவன் செய்யும் அதே பிழை! சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "அப்ப நாலுல மூணு, நான் இந்த ஜன்னல்லயேதான் உக்காந்திருப்பேன்" என்றாள். சொல்லிவிட்டு மெதுவாகத் திரும்பிப் போனாள். அந்த முக்காலை நான் எங்கேயும் எழுதிப் பார்க்கவே இல்லை. எப்போதும் கிடைக்கிற பக்கத்தை மட்டும்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜூலை 17, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

கூட்டம் பழைய கட்டிடத்தின் முதல் மாடி அறையில். இன்றைக்கு எல்லாருக்கும் கடைசியாக எடுக்க வேண்டும்! அன்றைக்கு முதல் இடத்துக்கு மேஜையைத் தட்டிய அதே சுருட்டை, "நான்தான் சீனியர், நான்தான் கடைசி" என்று தட்டுகிறார். கார்க்காரர், "போன தடவை நீங்க மொதல்ல எடுத்தீங்க இல்ல? இந்தத் தடவையும் மொதல்லயே எடுங்க" என்கிறார். என்னை யாரும் கேட்கவே இல்லை, முதல் ஆள் நான்தான் என்று ஏகமனதாக முடிவு செய்துவிட்டார்கள். இவர்களையெல்லாம் வரிசையாக நிற்க வைத்து நாற்பது சுற்று மிட்டாய்ச் சீட்டு எடுக்க வைக்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மாடிப்படியில் ஊன்றுகோல் சத்தம். எனக்கு அந்தச் சத்தம் தெரியும். எழுந்துவிட்டேன்.

எதிர்வீட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு டாக்ஸியில் வந்திருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஓடிப்போய்ப் பிடிக்கப் போனேன், "நீங்க உக்காருங்க" என்றாள். ஒரு படி ஏறுவாள், நிற்பாள், மூச்சு வாங்குவாள், மறுபடி ஒரு படி. கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே சண்டை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, அவள் மேல்படிக்கு வருவதற்குள் நின்றேபோனது. நெற்றியெல்லாம் வியர்வை. என்னால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

"உக்காருங்கம்மா, உக்காருங்க" என்று வேதியியல் மேடம் தன் நாற்காலியையே இழுத்துப் போட்டார்.

"ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டுப் போயிடறேன் மேடம்" என்றாள். "இந்த எட்டு வீட்டுக்காரங்கள்ல மாடி ஏற முடியாதவங்க எத்தனை பேரு? எங்க வீட்டுல நான் ஒருத்தி." கையைத் தூக்கினாள்.

 எட்டுப் பேரில் இருவரைத் தேர்ந்தெடுக்க எனக்கு இருபத்தெட்டு வழி தெரியும். வாயைத் திறந்து கேட்பது அதில் ஒரு வழியாக எனக்குத் தோன்றவே இல்லை.

பிறகு ஒரு கை மெதுவாக எழுந்தது. சுருட்டை.

"நெஞ்சுல அடைப்புக்கு ரெண்டு ஸ்டென்ட் வெச்சிருக்கு" என்றார். மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "வெளிய தெரிஞ்சா லேப் வேலையெல்லாம் எடுத்துட்டு ஓரமா உக்கார வெச்சிடுவாங்கன்னு சொல்லல. வீட்டுல மட்டும்தான் தெரியும்."

இந்த மனுஷனைத்தான் இரண்டு வாரமாகத் திட்டித் தீர்த்திருக்கிறேன். மேஜையைத் தட்டும்போதெல்லாம் அவருக்கு உள்ளே என்ன இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? எனக்குள் என்ன இருந்தது என்று அவருக்கும்தான் தெரியாது.

நூலகர் மேடம் திடீரென்று, "எனக்கு மாடியே போதும் மேடம். போன வாரம் கீழ் வீடு விழுந்ததுலேர்ந்து கொசுவை நெனச்சு எனக்குத் தூக்கமே இல்ல" என்றார்.

"அப்புறம் ஏன் மேடம் கீழ் வீடுன்னு எழுதிக் குடுத்தீங்க?" என்றார் வேதியியல் மேடம்.

"எல்லாரும் கேட்டாங்களே, நல்லாத்தான் இருக்கும்னு நானும் கேட்டேன்."

ஒருவர் காற்று வேண்டும் என்றார். ஒருவர் மாடியில்தான் துணி காயும் என்றார். இப்படியே ஐந்து பேர் விலகிவிட்டார்கள். மிச்சம் நாங்கள், சுருட்டை, கார்க்காரர். கார்க்காரர் மட்டும் அசையவில்லை.

"எனக்கும் பாவமாத்தான் இருக்கு. ஆனா குலுக்கல்னா குலுக்கல்தான்" என்று என் பக்கம் திரும்பினார். "எல்லாருக்கும் சம வாய்ப்பு, இதுதான் நியாயம்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

நான்தான் சொன்னேன். வாய்க்குப் பூட்டு வாங்கியிருக்கலாம். மேடம் எங்களைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், சத்தம் வரும் பக்கம் சாய்ந்தார். "சரி, மூணு பேருக்கு மட்டும் குலுக்கிடலாம்."

மூன்று சீட்டு. இரண்டில் கீழ், ஒன்றில் மேல். நாலில் ஒன்றாக இருந்தது மூன்றில் இரண்டாகிவிட்டது. கேள்வி மாறினால் விடையும் மாறும் என்று வகுப்பில் வருஷா வருஷம் சொல்வேன். யார் எப்போது எடுப்பது என்று மறுபடி பேச்சு எழ, இவள் சொன்னாள்: "நான் கடைசியா எடுத்துக்கறேன். எத்தனாவதா எடுத்தாலும் ஒண்ணுதான். இவர் சொல்லியிருக்காரு."

என்னைப் பார்க்காமல்தான் சொன்னாள். 

சுருட்டை எடுத்தார். கீழ். சீட்டைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார்.

டப்பாவில் இரண்டு சீட்டு. ஒன்று கீழ், ஒன்று மேல். கார்க்காரர் கையை உள்ளே விட்டார். கிடைக்கும், இல்லாட்டி கிடைக்காது. ரெண்டே ரெண்டுதான். பாதிப் பாதி! அந்தப் பெண் சொன்னது சரியாக வரும் இடம் ஒன்று உண்டு என்று அந்த நேரத்தில் போய்த் தோன்றுகிறது எனக்கு. அவர் ஒரு சீட்டைத் தொட்டார், விட்டார், மற்றதைத் தொட்டார். யோவ், எதையாவது எடுத்துத் தொலைய்யா! மனசுக்குள்தான் கத்தினேன் என்று நினைத்தேன். வேதியியல் மேடம் என்னைத் திரும்பிப் பார்த்ததால் சந்தேகம்.

பிரித்தார். மேல்.

இவள் டப்பாவுக்குள் கையே விடவில்லை. "போலாமா?" என்று எழுந்தாள். இறங்கும்போது ஒரு பக்கம் நான், இன்னொரு பக்கம் சுருட்டை. "நீங்க படி எறங்கலாமா?" என்று அவரைக் கேட்டாள். "எறங்கலாம்மா, ஏறத்தான் கூடாது" என்றார். "அப்ப எதுக்கு மாடியில கூட்டம் போட்டாங்க?" என்றாள். மூன்று பேரும் நடுப்படியில் நின்று சிரித்தோம்.

ஜூலை 18, வியாழன்

மிட்டாய்ச் சீட்டு, நாற்பது சுற்று, ஒரு வழியாக முடித்தாயிற்று. எட்டு இடத்துக்கும் ஏறக்குறையச் சமமாகத்தான் விழுந்தது. பலகை நிறைய எண்ணிக் காட்டினேன். பாதிப்பாதி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப கடைசில நிக்கறது நல்லதில்லையா சார்?"

"கெட்டதும் இல்லம்மா."

"ரெண்டும் இல்லைன்னா எப்படி சார்?" என்றாள். எனக்குப் பதினெட்டாவது வருஷமும் இதே வேலைதான் என்று புரிந்துவிட்டது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

நாட்குறிப்பு வீட்டுக்குள் இருக்கிறது. நான் வெளியே இருக்கிறேன். அதனால் மாதிரி வினாத்தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். அப்புறம் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

கல்லூரி முடிந்து வந்தால் கதவு பூட்டியிருக்கிறது. இருப்பது ஒரே சாவி, இன்னொன்று வீடு மாற்றியபோது எந்தப் பெட்டிக்குள் போனதோ தெரியாது. போன் செய்தேன். உள்ளேயிருந்து அடிக்கிறது. போனை வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்! இதற்கு ஒரு போன் எதற்கு?

வாசல் படியில் உட்கார்ந்திருக்கிறேன். மறுகுலுக்கலில் மூன்றாம் மாடி விழுந்த கார்க்காரர் அங்கிருந்து இறங்கி வந்தார், காரைத் துணியால் ஒரு துடை துடைத்தார், மூச்சு வாங்க மறுபடி ஏறிப் போனார். தினமும் இதுதான். என்னைப் பார்த்து, "என்ன சார், வெளிய போட்டுட்டாங்களா?" என்றார்.

அடுத்த கதவு சுருட்டை வீடு. அவர்தான் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"அவங்க அச்சகத்துக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனாங்களே. உங்ககிட்ட சொல்லலியா?"

"தனியாவா?"

"நான் கூட வரட்டுமான்னு கேட்டேன். வேணாம், நானே போய்க்கறேன்னாங்க. மத்தியானமே கிளம்பிட்டாங்க சார்."

மத்தியானம்! ரெண்டு தெரு போய் வர இவ்வளவு நேரமா? அங்கே உட்கார்ந்து பழைய ஆட்களோடு கதை பேசிக்கொண்டிருப்பாள். நான் பசியோடு வருவேன் என்று ஒரு நினைப்பு உண்டா? சாவியையாவது சுருட்டையிடம் கொடுத்துவிட்டுப் போகக் கூடாதா? வரட்டும், வந்ததும் நன்றாகக் கேட்கிறேன்.

மறுபடியும் போன் செய்தேன். உள்ளே அடிக்கிறது. ஜன்னலோரம் அவள் நாற்காலி காலியாகக் கிடக்கிறது.